புது ஹாஸ்டலின் பூட்டு

காலை ஏழு மணிக்கு ஷர்லி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விடுதியின் முதல் மாடி ஒருமுறை குலுங்கியது. லாரி ஏதாவது சுவரில் மோதிவிட்டதோ என்றுதான் நினைத்தாள். அடுத்த நொடி பதினான்காம் அறையிலிருந்து சத்தம் வந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கத்துவதுபோல் இருந்தது அது.

கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரே புழுதி. மேல்தளத்தின் காரை ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து, வைஷ்ணவி படுத்திருந்த கட்டிலின் மேலேயே விழுந்திருந்தது. அவளுடைய வலது கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. விரல்கள் அசைந்தன.

ஷர்லி வெறும் கையால் இழுத்தாள். காரையோடு ஒட்டிக்கொண்டு வந்த துருக் கம்பி அவள் உள்ளங்கையைக் கிழித்தது. அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து அறைப் பெண்கள் ஓடிவந்து நான்கு பேராகச் சேர்ந்து புரட்டியபோது வைஷ்ணவியின் முகம் வெளிப்பட்டது. தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. அவள் எதையோ சொல்ல முயன்றாள். ரத்தத்தோடு இரண்டு பற்கள்தான் வெளியே வந்தன.

ஸ்ட்ரெச்சர் கிடையாது. குளியலறையின் பிளாஸ்டிக் கதவைக் கழற்றி, அதில் படுக்கவைத்து, படியிறக்கிக் கொண்டுபோனார்கள். 108 வரும்வரை ஷர்லி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைஷ்ணவி ஜெகதாப்பட்டினத்துப் பெண். எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாமாண்டு. அவள் அப்பா போன வருடம்தான் இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டு, மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பியிருந்தார். அவருக்கு ஃபோன் போட்டு என்னவென்று சொல்வது என்று ஷர்லிக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் கோனாடு கலை அறிவியல் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மின்விசிறிக் கொக்கியில் மாணவி துணிக்கொடி கட்டியதால் ஏற்பட்ட விபத்து என்று அதில் இருந்தது.

"கொடியா?" என்று கேட்டான் நிலவழகன். தாளைக் கிழிக்கப் போனவனை ஷர்லி தடுத்தாள். "கிழிக்காத. போட்டோ எடு. நமக்கு வேணும்."

நிலவழகன் வேதியியலில் ஆய்வு மாணவன். முதுகலை, ஆய்வு மாணவர் சங்கத்தின் தலைவர் அவன்தான். செயலாளர் ஷர்லி, ஆவூர்க்காரி, தாவரவியலில் நான்காமாண்டு ஆய்வு. சங்கத்தின் மனுக்களையெல்லாம் அவள்தான் எழுதுவாள். தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிகிறது என்று ஒன்று, எழுபது பேருக்கு மூன்று கழிப்பறைதான் என்று ஒன்று, மேல்தளம் விரிசல் விட்டிருக்கிறது என்று மட்டும் மூன்று. பதினான்காம் அறையின் படமும் அவற்றில் இருந்தது. ஐந்துக்கும் பதில் வரவில்லை.

பழைய விடுதிக்குப் பின்னாலேயே மூன்று மாடியில் புது விடுதி நின்றது. பெயின்ட் அடித்து, தண்ணீர் இணைப்பும் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திறந்துவைக்க ஒரு மந்திரியிடம் தேதி கேட்டிருந்தார்கள், தேதி கிடைக்கவில்லை. அதனால் பூட்டு தொங்கியது. பூட்டின் சாவி, இரண்டு கட்டடங்களையும் கட்டிய கான்ட்ராக்டர் பெரியகருப்பனிடம் இருந்தது. அவர் கல்லூரித் தாளாளரின் மைத்துனர்.

அன்று மாலையே சங்கம் கூடியது. புது விடுதியின் வாசல் படியில் உட்காருவது என்று முடிவானது. பூட்டைத் திறக்கும்வரை எழுந்திருப்பதில்லை. கலெக்டர் அலுவலகத்திலும் ஒரு மனு. போராட்ட விதிகளை ஷர்லி எழுதி எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள். மூன்றாவது விதி இது: யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, கைகோத்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாற்பத்தொரு பேர் பாயும் பையுமாகப் போய் உட்கார்ந்தார்கள். விழுந்த காரைத் துண்டுகளையும் முழ நீளக் கம்பிகளையும் ஒரு போர்வையில் பரப்பிவைத்தார்கள், பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. இரண்டு நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. மறுநாள் காலை ஆய்வுக்கு வருகிறார்களாம்.

அந்தச் செய்தி கல்லூரி அலுவலகத்துக்கும் போயிருக்க வேண்டும். அன்றே பதினோரு மணி வெயிலில் ஒரு பொலிரோவும் ஒரு டாட்டா ஏஸும் வந்து நின்றன. பெரியகருப்பன் முன் சீட்டிலிருந்து இறங்கினார். ஏஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். கையில் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் கட்டைகள்.

"எந்திரிங்க எல்லாம். மரியாதையாச் சொல்றேன்."

"நாளைக்கு ஆர்.டி.ஓ. வர்றாங்க. அதுவரைக்கும் இங்கிட்டுதாங்க இருப்போம்," என்றான் நிலவழகன்.

"ஆர்.டி.ஓ. வந்து என்னத்தப் பாக்கப் போறாரு, ஒன் மூஞ்சியவா?"

அறை விழுந்தது. நிலவழகனின் கண்ணாடி பறந்துபோய்ப் படியில் நொறுங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை, பக்கத்திலிருந்தவர்களின் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பெரியகருப்பன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அதற்குப் பிறகு ஒழுங்காக எதுவும் நடக்கவில்லை. கட்டைகள் முதுகுகளில் விழுந்தன. கோத்த கைகளைப் பிரிப்பதற்காக விரல்களில் அடித்தார்கள். ஒரு பெண்ணின் சடையைப் பிடித்துப் படியிலிருந்து தரதரவென்று இழுத்துப்போய் முள்வேலியில் தள்ளினார்கள். கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த ஷர்லிக்கு மேலே இருவர் வந்து விழுந்தார்கள். யாருடைய ரத்தமோ அவள் கழுத்தில் சூடாக வடிந்தது. "கைய விடாதீங்க, கைய விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

நிலவழகனைத் தனியாக இழுத்து மண்ணில் போட்டார்கள். அவன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். கட்டை மணிக்கட்டில் இறங்கியது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அடித்தவன் கட்டையை மறுபடியும் ஓங்கினான். இந்த முறை அது தலைக்குத்தான் வரப்போகிறது என்பது ஷர்லிக்குத் தெரிந்தது.

கோத்த கையை முதலில் விட்டது அவள்தான். போர்வையில் கிடந்த கம்பி ஒன்று கைக்கு வந்தது. பின்னாலிருந்து அவன் தோளில் அடித்தாள். கட்டை நழுவி விழுந்தது. அவன் முட்டி போட்டுச் சரிந்தான். அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவன் கையில் ஒன்றுமில்லை. அவளைப் பார்க்காமல், தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். வைஷ்ணவியின் தொங்கிய தாடை ஷர்லியின் கண்முன் வந்தது. இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கி அவன் தலையில் போட்டாள்.

துண்டு அவிழ்ந்தது. ஆவூரில் அவள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் மரியசெல்வம். சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். அவள் அப்பா இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவர். அவர் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். மறு கண்ணில் ரத்தம் நிறைந்திருந்தது.

"பாப்பா, நீயா?" என்றார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஷர்லி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பிராங்க்ளின் என்கிற முதலாமாண்டுப் பையன் ஓடிவந்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கினான். "போங்கக்கா, அங்கிட்டுப் போங்க!" என்று அவளைத் தள்ளிவிட்டு, கம்பியைத் தூர வீசினான். அந்த ஒரு நொடியைத்தான் அலுவலக மாடியிலிருந்து யாரோ ஃபோனில் எடுத்திருந்தார்கள்.

போலீஸ் வந்தபோது பொலிரோவும் ஏஸும் போயிருந்தன. காயம்பட்ட பதினேழு மாணவர்களை ஜி.எச்.சுக்கு அனுப்பினார்கள். மரியசெல்வத்தையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். மண்டை ஓட்டில் விரிசல், உள்ளே ரத்தக் கசிவு, உடனே ஆபரேஷன் என்றார்கள். பிராங்க்ளினை வீடியோவைக் காட்டிக் கூட்டிப்போனார்கள்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்த நிலவழகன் ஷர்லியை அருகில் கூப்பிட்டான்.

"நான் பாத்தேன். நீ அடிச்சத வேற யாரும் சரியாப் பாக்கல."

"பிராங்க்ளினப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"சங்கத்து வக்கீல் பாத்துக்குவாரு. நாளைக்கு ஒரு நாள் பொறு ஷர்லி. ஆர்.டி.ஓ. வந்துட்டுப் போகட்டும். சங்கத்துச் செயலாளரே மண்டைய ஒடச்சாளாம்னு வந்துச்சுன்னா, நாம வாங்குன அடி, வைஷ்ணவி, எல்லாமே போச்சு. ரவுடிப் பசங்கன்னு எழுதிருவாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. சரி என்று தலையாட்டினாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மரியசெல்வத்தின் மனைவி ஞானமணி தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஷர்லியைப் பார்த்ததும், "நீயும் அங்கதான் இருந்தியாத்தா? ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அவள் கையைப் பிடித்தார். ஷர்லி கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அங்கிருந்து வக்கீலைப் பார்க்கப் போனாள். அவரோடு காவல் நிலையத்துக்குப் போனபோது மணி ஐந்து. பிராங்க்ளின் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கச் சொன்னார்கள், முடியவில்லை. உள்ளங்கால்கள் இரண்டும் ஊதி, கருநீலமாக, தோல் வெடிக்கிற மாதிரி இருந்தன. உதடு கிழிந்திருந்தது. ஷர்லி குனிந்தபோது அவன் மெல்லச் சொன்னான்: "நான் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன்."

ஷர்லி இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவன விடுங்க சார். அடிச்சது நான்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, தம்பியக் காப்பாத்தவா? நீ அடிச்சு அந்தாளு விழுந்தானாக்கும்?"

"ரெண்டு அடி. மொத அடி தோள்ல. நிலவழகன் தலையில கட்ட எறங்கப் போச்சு, அதுக்கு. ரெண்டாவது தலையில. அந்த ரெண்டாவது அடி எதுக்கும் இல்ல சார். கோவந்தான். எழுதிக்கிறீங்களா?"

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கோட்டாட்சியர் வந்ததையும் போனதையும் ஷர்லி சிறையில்தான் கேள்விப்பட்டாள். தலைவர் ஆஸ்பத்திரியில், செயலாளர் ஜெயிலில். தலையில் கட்டும் கையில் மாவுக்கட்டுமாக மீதியிருந்த உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்று, ஐந்து மனுக்களின் நகலையும் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கூட வந்த பொறியாளர் பதினாறாம் அறையின் மேல்தளத்தை ஒரு கம்பால் தட்டினாராம். பெயர்ந்து விழுந்த காரையிலிருந்து அவருடைய தோள் தப்பியதே பெரிய காரியம். பழைய விடுதிக்கு அன்றே சீல் வைத்தார்கள். புது விடுதியின் சாவி காணவில்லை என்று அலுவலகத்தில் சொன்னதும், கோட்டாட்சியர் பூட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறார். பெரியகருப்பன் மேலும் வழக்கு பதிவானது. இரண்டு வாரத்தில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். பிராங்க்ளினை விட்டுவிட்டார்கள். சங்கத்துக்காரர்கள் சிறைக்கு வந்து அவளைப் பார்த்தார்கள், நிலவழகன் மட்டும் வரவில்லை.

பதினெட்டு நாள் கழித்து ஷர்லிக்கு ஜாமீன் கிடைத்தது. கல்லூரி அவளை இடைநீக்கம் செய்திருந்ததால் புது விடுதியில் அவளுக்கு இடமில்லை. ஆவூருக்குப் போனாள். பையை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, அம்மா தடுக்கத் தடுக்க, மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள்.

ஞானமணி திறந்தார். ஓங்கி ஒரு அறை. ஷர்லி அசையாமல் நின்றாள். இன்னொரு அறை. மூன்றாவதில் காதுக்குள் ரீங்காரம் எழுந்தது.

"ஆஸ்பத்திரில ஒன் கையப் பிடிச்சு ஒண்ணும் ஆகலையான்னு கேட்டேனே! அப்பக்கூட வாயத் தொறக்கலையேடி நீ!"

"பயந்துட்டேன் அத்த."

"படிக்கிற புள்ளைங்கள அடிக்கப் போனது அந்த மனுசன் செஞ்ச பாவந்தான். அதுக்கு அவரு கோர்ட்டுல நிப்பாரு. விழுந்து கெடந்தவர அடிச்சியே, அது யாரு செஞ்சது?"

உள்ளே கட்டிலில் மரியசெல்வம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மழித்த தலையில் காதிலிருந்து உச்சிவரை தையல் ஓடியது. அவர் திரும்பவில்லை. ஷர்லி வந்த வழியே நடந்தாள்.

மாணவர்களை அடித்த வழக்கும் ஷர்லி மேலிருந்த வழக்கும் புதுக்கோட்டை கோர்ட்டில் ஒரே நாளில்தான் வந்தன. ஆவூரிலிருந்து அந்த நேரத்துக்கு ஒரே பஸ். மரியசெல்வம் முன்னால் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருவார். ஷர்லி பின்னால் ஏறிக் கடைசிக்கு முந்தின சீட்டில். அவருடைய இடது கை முழுதாக மூடாது என்பதை அவள் இரண்டாவது வாய்தாவின்போதுதான் கவனித்தாள். இறங்கும்போது கம்பியைப் பிடிக்காமல் முழங்கையை அதில் கோத்துக்கொண்டு நின்றார்.

நான்காவது வாய்தாவுக்குப் போகும்போது முன்னால் இடமில்லை. அவர் பின்னால் வந்து அவளுக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

பஸ் அன்னவாசலைத் தாண்டியது.

"சும்மா வந்து நின்னாப் போதும், புள்ளைங்க பயந்து ஓடிருங்கன்னுதான் கூப்பிட்டாரு," என்றார் திடீரென்று, ஜன்னலைப் பார்த்தபடி. "ஏஸ்ல ஏறினப்பறந்தான் கட்டயக் குடுத்தாரு. நான் எறங்கியிருக்கணும். எறங்கல. ஒருத்தன அடிச்சதும் கை தானா அடுத்ததுக்குப் போகுது பாப்பா."

"தெரியும் மாமா."

"ஒனக்குத் தெரியாம இருக்குமா." அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "கட்டயக் குடுத்தது யாருன்னு இன்னைக்கி ஜட்ஜுகிட்ட சொல்லப் போறேன். நீ அடிச்சதையும் சொல்லுவேன். கொறச்சுச் சொல்ல மாட்டேன்."

"கொறைக்காதீங்க மாமா."

கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து நகரச் சொன்னார். மரியசெல்வம் கால்களை ஒடுக்கிக்கொண்டார்.

"அந்த ஜெகதாப்பட்டினத்துப் புள்ள எப்படி இருக்கு?"

"வாய்ல கம்பி கட்டியிருந்தாங்க. போன வாரந்தான் பிரிச்சாங்க. புது ஹாஸ்டல்ல கீழ்த்தளத்துல ரூம் குடுத்திருக்காங்களாம். பரீட்சைக்கு வந்துட்டா."

"பேசுதா?"

"கொஞ்சம் கொழறுது. ஆனா பேசுறா. சங்கத்துக்கு இப்ப அவதான் செயலாளர்."

பஸ் நின்றதும் மரியசெல்வம் முழங்கையைக் கம்பியில் கோத்து எழுந்து, அவளுக்கு முன்னால் இறங்கினார். கோர்ட்டு வாசலில் அவருடைய வக்கீல் ஒரு பக்கம் நின்றார். அவளுடைய வக்கீல் இன்னொரு பக்கம். அவரவர் பக்கம் நடந்தார்கள்.