பராக்கு ஓடிய பந்தயம்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் இருந்தான். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஊரே பராக்கு, பராக்கு என்று கூப்பிட்டதில், சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொந்தப் பெயரை எழுதுவான். வேலைக்குக் கிளம்புவான். வானத்தில் ஒரு பட்டம் தெரியும். அவ்வளவுதான். ஒருமுறை அப்படிப் பட்டத்தின் பின்னாலேயே போய்ப் பக்கத்து நகரத்தை அடைந்து, யாரும் புகார் கொடுக்காத ஒரு லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் ஆறாவது மாடியிலும் நிற்கத் தொடங்கியது. கட்டடத்துக்கு ஐந்து மாடிதான்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு.

போன வருஷம் சந்தைக்கு மகள் சுண்டுவைக் கைபிடித்துக் கூட்டிப் போனான். ஒரு சாணைக்காரன் சக்கரத்தில் கத்தியை வைக்க, பொறி பறந்தது. நல்ல பொறி. பார்த்துக்கொண்டே நின்றான். குனிந்து பார்த்தபோது கைக்குள் கை இல்லை. பிள்ளை ஒரு செருப்புக்கடையில் கிடைத்தாள், வலது காலில் ஒன்றும் இடது காலில் வேறொன்றுமாக. அதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, வெள்ளைக் கோட்டோடு தெருத்தெருவாக ஓடியிருந்தாள்.

அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அன்றிலிருந்து சுண்டுவை அவனோடு தனியாகத் தெருமுனைக்குக் கூட அனுப்புவதில்லை, அதுதான் வந்த வினை. உப்பு வாங்கப் போனாலும், "இருங்க, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொள்வாள். ஒரு பொட்டலம் உப்புக்கு ஒரு குடும்பமே போய் வரும்.

அவர்கள் போகும் பிரார்த்தனைக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மடக்கு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, எப்போதும் ரப்பர் வாசனை. ஜெபம் தொடங்கியதும் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். சிலர் அப்படியே தூங்கியும் விடுவார்கள். யார் ஜெபிக்கிறார், யார் தூங்குகிறார் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. அவன் மனைவி மட்டும் கண்ணை மூடமாட்டாள். உதடு கடவுளோடு பேசும், கண் சுண்டுவின் மேல் இருக்கும். ராத்திரியிலும் அரைத்தூக்கம்தான். பிள்ளை புரண்டால் இவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பராக்கு இதைப் பார்த்தான். எதையும் பார்க்கிறவன் இதை மட்டும் பார்க்காமல் இருப்பானா?

கீழ்க்கடை முதலாளியை எல்லாரும் டயர் மாமா என்பார்கள். அவர்தான் வழி சொன்னார்.

"ஓடுடா. கால் ஓடினா மனசு நிக்கும்."

"யார் சொன்னா மாமா?"

"யாரும் சொல்லல. என்னையே பாரு, பஸ்ஸுக்குக் கூட ஓடினதில்ல. என் மனசு ஒரு இடத்துல நின்னிருக்கா?"

இந்த வருஷம் நகரத்தில் பெரிய ஓட்டப் பந்தயம் நடக்க இருந்தது. பராக்கு பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கூடத்தில் அவரவர் வேண்டுதலைச் சொல்லும் நேரத்தில், முழங்கால் வலிகளும் வீட்டு வாடகைகளும் முடிந்த பிறகு, எழுந்து நின்றான்.

"வழி தவறாம கடைசிக் கோடு வரைக்கும் ஓடிட்டா, சுண்டுவ நானே தனியா பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போறேன்னு கேக்கலாம்னு இருக்கேன். அதுக்காக வேண்டிக்கோங்க."

யாரிடம் கேட்பது என்று சொல்லவில்லை. கேட்கவேண்டியவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பயிற்சிக்குக் கூடமே இறங்கியது. அவன் பார்வை எந்தப் பக்கமும் போகாதபடி நாலு பக்கமும் நாலு கனத்த ஆட்கள் சுவர் மாதிரி ஓடினார்கள். முதல் நாள் மூன்று சுவர் வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. நாலாவது சுவர் ஆட்டோ பிடித்து வந்தது. கூடத்தில் பாட்டைத் தொடங்கிவைக்கும் பாட்டுக்கார அக்கா மட்டும் சைக்கிளில் பின்னாலேயே பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது. காதில் ரகசியம் சொன்னாலும் எதிர்வீட்டில் பதில் சொல்வார்கள். அந்தக் குரலுக்குப் பயந்தே பராக்கு நேராக ஓடக் கற்றுக்கொண்டான்.

பந்தய வழியில் சாலையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஆனால் பராக்கு அம்புக்குறியைப் பார்த்தால், இது எந்தப் பெயின்ட் என்று யோசிக்க நின்றுவிடுவான். அதனால் திருப்பத்துக்கு ஒருவராக நிற்பது, போகவேண்டிய பக்கத்துக் கையைத் தூக்குவது என்று ஏற்பாடு. கடைசித் திருப்பம்தான் ஆபத்து. ஒரு பக்கம் நீரூற்று, மறுபக்கம் பறவைக் கடை.

"அங்க நீதாம்மா நிக்கணும்" என்றார் டயர் மாமா அவன் மனைவியிடம். "நம்மள்ல கண்ண மூடாத ஆளு நீ ஒருத்திதான்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பந்தய நாளில் பராக்கு ஓடினான். கண்ணாடி போட்ட நாய் ஒன்று ஸ்கூட்டரில் போனது. பார்க்கவில்லை. மூன்றாவது மாடிக்குக் கயிறு கட்டி ஒரு பியானோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதோடு சேர்ந்து தொங்கியபடி யாரோ வாசித்துக்கொண்டும் இருந்தார்களாம். பார்க்கவில்லை. காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, தானே வெட்கப்பட்டு மறுபடி நேராகிவிட்டது. திருப்பம் திருப்பமாகக் கைகள் உயர்ந்தன, இவன் திரும்பினான். வாழ்க்கையில் முதல்முறையாகப் போகவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கடைசித் திருப்பத்தில் தூரத்திலேயே மனைவி தெரிந்தாள். சுண்டுவை உட்காரவைத்திருந்த மடக்கு நாற்காலி, பக்கத்தில் தண்ணீர்ப் பை. அவளும் இவனைப் பார்த்துவிட்டாள். தலை திரும்பாமல், கிழித்த கோடு மாதிரி நேராக வருகிற தன் புருஷனைப் பார்த்தாள். பார்த்ததும் என்ன ஆயிற்றோ, இவ்வளவு தூரம் வந்தவன் இங்கே தவறிவிடக்கூடாதே என்று இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடிவிட்டாள்.

பராக்கு வந்து நின்றான். ஒரு கை இடப்பக்கம் காட்டியது, ஒரு கை வலப்பக்கம் காட்டியது. உதடு அசைந்துகொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

அப்போதுதான் அன்று முதல்முறையாகச் சுற்றிலும் பார்த்தான். அவன் பார்த்தால் எப்படிப் பார்ப்பான் என்று சொல்லத் தேவையில்லை. தலைக்குப் பின்னாலும் கண் இருக்கிற மாதிரி. நடுச்சாலையில் சுண்டு உட்கார்ந்து, ஓடுகிறவர்கள் குடித்துவிட்டுப் போட்ட காகிதக் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபுரம் அவள் உயரத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் வண்டி ஒன்று அவளை நோக்கி மெல்லப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

ஒரே தாவல். பிள்ளையையும் கோபுரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிட்டான். ஒரு கோப்பை கூட விழவில்லை. வண்டி, நடந்தது எதுவும் தெரியாமல், அந்த இடத்தைக் கடந்து போய் நின்றது.

"அப்பா, அம்மாவ எழுப்பட்டா?"

"அம்மா தூங்கலடா. ஜெபம் பண்றாங்க. முடிக்கட்டும்."

"நீ தோத்துடுவியே?"

"தோக்கறேன். அம்மா கண்ண மூடி ஒரு வருஷமாச்சு."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தாண்டிப் போனார்கள். "என்னண்ணே, கால் பிடிச்சுக்கிச்சா?" என்று ஒருவன் கேட்டான். ஊன்றுகோலோடு வந்த ஒரு பெரியம்மா, "வரியா தம்பி, சேர்ந்து போலாம்" என்று அன்பாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மனைவி கண்ணைத் திறந்தாள். முதலில் பட்டது காலி நாற்காலி. வெடுக்கென்று திரும்பினாள். இரண்டு பேரும் கைகோத்து நின்றிருந்தார்கள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

"பொய். வேர்வையெல்லாம் காஞ்சு கிடக்கு."

"நான் நடு ரோட்டுல இருந்தேம்மா" என்றாள் சுண்டு பெருமையாக. "அப்பா பாத்துட்டாரு."

அவள் சாலையைப் பார்த்தாள், நின்றிருந்த வண்டியைப் பார்த்தாள். புரிந்தது. "நான் கண்ண மூடிட்டேங்க" என்றாள், யாரோ செய்ததைச் சொல்வது போல.

"மூடினா என்ன? நான் இங்கதான இருக்கேன்."

பராக்கு தொண்டையைச் செருமினான். "எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் சொல்லிட்டீன்னா..."

அவள் இடக்கையைத் தூக்கினாள். அவன் கிளம்பினான்.

"நில்லுங்க."

குனிந்து சுண்டுவின் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்தும் கையை எடுக்காமல் கொஞ்சம் வைத்திருந்தாள். பிறகு பிள்ளையை அவன் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போங்க."

"நீ?"

"நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அப்பனும் மகளும் ஓடினார்கள். பாதியில் சுண்டு தோளில் ஏறிக்கொண்டாள். அவன் தலை ஒரு கடைப்பக்கம் திரும்பினால் காதைப் பிடித்து நேராக்கினாள். முடிவுக் கோட்டில் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தயத்துக்காரர்கள் பதாகையைச் சுருட்ட ஒரு முனையை இழுக்க, டயர் மாமா மறுமுனையில் தொங்கிக்கொண்டு, "எங்க ஆளு வருவான்யா! வர்றதுக்குக் கொஞ்சம் சுத்துவான், அவ்ளோதான்!" என்று கத்திக்கொண்டிருந்தார். இவர்கள் அதன் கீழே புகுந்து போனார்கள். கூடமே சேர்ந்து அழுதது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் பாட்டுக்கார அக்கா கேட்டாள், "அது சரி, உன் பொண்டாட்டி எங்கடா?"

எல்லாரும் டயர் மாமாவின் வேனில் ஏறிப் பறந்தார்கள். திருப்பத்தில், நீரூற்றுக்கும் பறவைக் கடைக்கும் நடுவே, அவள் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு கழன்று கிடந்தது.

டயர் மாமா இன்ஜினை அணைத்தார். பாட்டுக்கார அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். சாலையைத் திறந்துவிட்டிருந்ததால் பின்னால் ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்தது. கூடத்தார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்கள். லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்ததும் அவனும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

சுண்டு அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"எவ்ளோ நேரம்பா நிக்கணும்?"

"தூக்கம் தீர்ற வரைக்கும்" என்றான் பராக்கு, மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.