மீன் திருவிழாவுக்கு மசாலா

கார் டிக்கியைத் திறந்தபோதே எனக்குப் பொறுமை போய்விட்டது. ஐஸ் பெட்டி, கேஸ் அடுப்பு, இரும்புத் தோசைக்கல், முந்தின நாளே அரைத்த மீன் மசாலா, எலுமிச்சம்பழம். இத்தனையும் ஜெர்சி சிட்டியிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். எதிரே ஆற்றில், மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை போட்ட ஒரு கிழவர், பிடித்த மீனைத் தடவிக்கொடுத்து, அதனிடம் ஏதோ சொல்லி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். கரையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"ஏனுங்க, எதுக்கு விட்டுட்டாரு?"

என் வீட்டுக்காரர் செல்வராஜ் ஆற்றோரத்தில் நட்டிருந்த பலகையைப் படித்துப் பார்த்தார். "பிடிச்சா ரிலீஸ் பண்ணிரணுமாம். அதான் இங்க ரூல்ஸ்."

"அப்ப இந்த மசாலாவ யாரு மூஞ்சில தடவறது?"

அவர் 'ஃப்ளை ஃபிஷிங்' என்று சொன்னது என் காதில் 'ஃபிஷ் ஃப்ரை' என்று விழுந்திருக்கிறது. நான் மேட்டூர்க்காரி. அணைக்குப் பக்கத்தில் மீனை வாங்கிக் கடையில் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். மீன் திருவிழா என்றால் எனக்கு வேறு என்ன தோன்றும்? இங்கே கடை கடையாக இறகையும் நூலையும் வைத்துக்கொண்டு பொய் ஈ கட்டுகிறார்கள். அதைக் காட்டி மீனை ஏமாற்றுவார்களாம், பிடித்ததும் விட்டுவிடுவார்களாம். வேலை வெட்டி இல்லாத ஜனங்கள் என்று நான் வாய்விட்டே சொன்னேன். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது.

நாங்கள் மீனுக்காகவும் வரவில்லை. செல்வராஜுடைய மேனேஜர் கேரியைப் பிடிக்க வந்தோம். ஆபீஸில் கான்ட்ராக்ட் ஆட்களை ஒவ்வொருவராக வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எதிர் அபார்ட்மெண்ட் அனந்தராமன் போன மாதம் சோபாவை லிஃப்ட் பக்கத்தில் போட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். எங்களுக்கும் அதே கதி வந்துவிடுமோ என்று பயம். வேலை போனால் விசா போச்சு. எங்கள் மகள் ஓவியா செப்டம்பரில் கிண்டர்கார்டன் போகவேண்டியவள். "நான் இருக்கேனா, இல்லையா" என்று கேரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆபீஸில் அவர் கண்ணிலேயே படுவதில்லை. "சனிக்கிழமை எங்கள் ஊர்த் திருவிழா, எல்லோரும் வாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தாராம். அந்த ஆள் பேச்சுக்குச் சொன்னதை இவர் தாம்பூலம் வைத்துக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டார். டீமில் வேறு ஒருவரும் வரவில்லை.

கேரி ஆற்றின் நடுவில் நின்றார். இவர் ஆபீஸ் ஷூவோடு கரையில் நின்றார். கை காட்டினார். கேரி சிரித்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுத் தூண்டிலை வீசப் போய்விட்டார். எலுமிச்சை சாதம் சாப்பிட்டு முடித்த பிறகும் அப்படியேதான்.

"சத்தமாக் கூப்புடுங்க."

"மீன் கலைஞ்சிரும் வசந்தா."

"மீனைப் பாக்கறீங்க. எங்களையும் கொஞ்சம் பாருங்க!"

கத்திவிட்டேன். பக்கத்துக் கூடார நாற்காலிகள் திரும்பிப் பார்த்தன. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். அவர் ஷூவைக் கழற்றினார். பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அந்த ஐஸ் தண்ணீரில் இறங்கினார். அடிக்கொருதரம் வழுக்கியது. கேரியின் கையில் அப்போதுதான் ஒரு மீன் மாட்டியிருந்தது. இரண்டு பேரும் அதன் மேல் குனிந்துகொண்டே பேசினார்கள். பிறகு கேரி மீனை விட்டுவிட்டு, ஈரக்கையை இவர் தோளில் வைத்தார். எடுக்க நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது செல்வராஜுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுது புள்ள! வெள்ளிக்கிழமை ரிலீஸாம். ஐ ஆம் ரெடின்னு சொல்லிட்டேன்."

ரிலீஸ். எழுதிய புரோகிராமை ஆபீஸில் ஓடவிடும் நாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எனக்குச் சக்களத்தி. ஓவியாவின் பிறந்தநாளை அது தின்றது, தீபாவளியைத் தின்றது. இன்றைக்கு முதல் தடவையாக அது காதில் தேனாகப் பாய்ந்தது. ரிலீஸ் இருந்தால் வேலை இருக்கிறது. துண்டை எடுத்து அவர் காலைத் துடைத்தேன்.

"எப்படிச் சொன்னாரு?"

"'ஐ ஆம் சாரி மேன், யுவர் ரிலீஸ் இஸ் ஃப்ரைடே.' அவ்வளவுதான். தங்கமான மனுசன்."

"சாரி எதுக்குங்க?"

"வீக்எண்ட் போகுதில்ல, அதுக்கு."

"தோள்ல எதுக்குக் கை வெச்சாரு?"

அவர் திரும்பி, கேரி நின்ற இடத்தைப் பார்த்தார். கேரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு செல்வராஜின் கண் அந்தப் பலகைக்குப் போனது.

"யுவர் ரிலீஸ்," என்றார், மெதுவாக. "நம்ம ரிலீஸ்னு சொல்லல. யுவர்."

துண்டு என் கையிலேயே இருந்தது. பாழாய்ப்போன வார்த்தை. மீனை விட்டாலும் அதுதான், ஆளை வேலையை விட்டு அனுப்பினாலும் அதுதான். நான் ரெடி என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார், சிரித்துக்கொண்டே.

"அம்மா, லுக்! ஹி இஸ் நாட் கோயிங்!"

ஓவியா தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்தாள். கேரி விட்ட மீன் கரையோரக் கல்லிடுக்கில் வந்து நின்றிருந்தது. உதட்டில் தூண்டில் முள் குத்திய இடம் தெரிந்தது. அவள் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, "கோ, கோ" என்றாள். அது போகவில்லை. நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.