ஆறாம் எண் காஞ்சாகோல்லா

பிப்ரவரி இருபத்தெட்டு, தேசிய அறிவியல் தினம், காலை பதினோரு மணி. இடம் பலாஷ்டாங்கா பொது நூலகத்தின் கூடம். வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும், என் பதிவேட்டில் உள்ளபடி:

மேடையின் நடு நாற்காலியில் வட்டார அதிகாரி. (பதினொன்றே முக்காலுக்கு எழுந்து போய்விட்டார்.) அவருக்கு வலப்பக்கம் பூத்நாத் மோதக். மூன்று தலைமுறையாக மிட்டாய்க் கடை. எங்கள் அறிவியல் மன்றத்தின் தலைவரும் அவர்தான். இடப்பக்கம் மன்றச் செயலாளர் நித்யகோபால் சர்க்கேல், அதாவது நான். பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். நீள மேசைக்குப் பின்னால், உட்காராமல் நின்றவர், பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை சுதபா கர்மகார்; ஆசிரியை என்பதால் ஊருக்கே அவர் திதிமணி. முன்வரிசையில் ஊரின் மற்ற ஐந்து மிட்டாய்க்காரர்கள்; நடுவில் பலாய் நந்தி, கால் மேல் கால். ஜன்னலோரம் என் மனைவி பூர்ணிமா. அவளுக்குப் பின்னால் மாணவிகள் எண்பத்து மூன்று பேர். வாசலில் நின்றவர்களை எண்ண முடியவில்லை. மிட்டாய் விஷயம் என்றால் எங்கள் ஊரில் நிற்கிறவர்களை யாரும் எண்ணியதில்லை.

ராமன் விளைவு நம்ம கல்கத்தாவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பேச்சு நடக்கும்; ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் ஜனம் தூங்கும். இந்த வருஷம் தூங்காமலிருக்க பூத்நாத் தாதாதான் (எங்கள் பக்கம் அண்ணனைத் தாதா என்போம்) வழி சொன்னார். கடைக்கு ரெண்டு காஞ்சாகோல்லா வாங்கிவந்து மேடையிலேயே சோதிப்பது. திரிந்த பாலைப் பிழிந்தெடுத்த சானாவைச் சர்க்கரை சேர்த்து உருட்டினால் காஞ்சாகோல்லா. வேறொன்றும் அதில் சேரக்கூடாது. மாவு கலந்தவன் பிடிபடுவான்: ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவு நீலமாகும், மாவில்லாவிட்டால் அயோடினின் பழுப்பு அப்படியே நிற்கும்.

"முடிவு எதுவானாலும் கடைப் பேரோட மாவட்டப் பத்திரிகைக்கு எழுதணும், நித்ய. அன்னிக்கே தபால்ல போயிடணும். மறுநாளைக்குப் போட்டா மனுசங்க சமாதானம் பேச வந்துடுவாங்க" என்றார். ஆறு கடைக்காரர்களிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து அவருடையது.

சோதனை தொடங்கியது. சுதபா திதிமணி ஒவ்வொன்றிலும் அடிவரை ஒரு கரண்டி வழித்துச் சோதனைக் குழாயில் போட்டு, தண்ணீர் விட்டு, சூடாக்கி, ஆறவைத்து, ஒரு சொட்டு விட்டார். ஒன்று, பழுப்பு. இரண்டு, பழுப்பு. மூன்று பலாய் நந்தியுடையது. அதுவும் பழுப்பு. பலாய் எழுந்து சபைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"இதென்ன தாதா, தேர்தல்ல ஜெயிச்ச மாதிரி?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"எங்க வீட்டுப் பசு கூட மாவு திங்காது, தெரியுமா!"

நான்கு, ஐந்து, பழுப்பு. ஆறாவது தலைவருடையது. திதிமணி சொட்டு விட்டார். குழாய்க்குள் ஒரு மேகம் இறங்கியது. குலுக்கியதும் மொத்தமும் பேனா மை போல நீலம்.

வெளியே ரிக்‌ஷா மணி மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை பாத்துடறேன்" என்றார் திதிமணி. ஆறாம் தட்டிலிருந்த ரெண்டாவது உருண்டையிலிருந்து வழித்தார். அதுவும் நீலம்.

பலாய் கால் மேலிருந்த காலை இறக்கினார். "அட, தலைவரு மேடையில உக்காந்துக்கிட்டு மாவு உருட்டிருக்காருப்பா! இவ்வளவு நாளா நாமதான் சானான்னு நெனச்சுத் தின்னோம்."

வாசலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பத்துப் பேர். சரஸ்வதி பூஜைக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவதற்கு என்று இந்த ஊரில் நல்ல காரியம் எதற்கும் மோதக் கடைப் பெட்டிதான் போகும். அந்தப் பெட்டி இனி எந்த வீட்டுக்கும் போகாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

பூத்நாத் தாதா எழுந்திருக்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்களில் நெய்ப் பளபளப்பு எப்போதும் உள்ளதுதான்.

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "தாதா, இன்னிக்கு எழுத வேணாம். திங்கக்கிழமை திரும்பப் பாக்கலாம். அயோடின் பழசுன்னு சொல்லிடலாம்."

"பழசா? மத்த அஞ்சுக்கு மட்டும் புதுசா இருந்துச்சா?" என்றார் என்னைப் பார்க்காமலே. "எழுது. நான்தான சொன்னேன் எழுதணும்னு. ஆனா என் சரக்க நான் ஒரு தடவ பாக்கணும். அதுக்கு ஒப்புதல்ல தடையில்லையே?"

தடையில்லை. நானே எழுதிய ஒப்புதல், எனக்குத் தெரியும்.

அவர் மேசைக்கு வந்து, ரெண்டாவது உருண்டையில் மிச்சமிருந்ததை எடுத்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் ஒரு பருக்கை வைத்தார். அப்புறம் நடுவில் பிட்டு, பிட்ட முகத்தைத் திதிமணியிடம் நீட்டினார்.

"குழாயெல்லாம் வேணாம் திதிமணி. நேரா இதும் மேலயே ஒரு சொட்டு விடுங்க."

விட்டார். பிட்ட இடம் பழுப்பாகவே இருந்தது. சொட்டு வழிந்து அடிப்பக்கம் போனதும் ஓரத்தில் ஒரு நீலக் கோடு பிடித்தது.

"பாத்தீங்களா?" என்றார் பூத்நாத் தாதா. குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "நான் ஏலக்காய் போட்டா மொத்தத்துலயும் மணக்கும். மாவு போட்டிருந்தா உள்ளயும் இருக்கணுமில்ல? அடியில மட்டும் போய் உக்காந்துக்க அது என்ன, கடன்காரனுக்குப் பயந்தா ஒளிஞ்சிருக்கு?"

திதிமணியின் முகம் மாறியது. மாணவிகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் கேட்டீங்களா? இவர் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி" என்றார். பிறகு என்னிடம்: "சர்க்கேல் தாதா, உங்க பதிவேட்ட படிங்க. ஆறாவதுக்கும் மத்த அஞ்சுக்கும் என்ன வித்தியாசம்?"

என் பதிவேட்டில் எண், கடை, வாங்கிய நேரம், வாங்கியவர், வைத்த பாத்திரம் என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்தி எதற்கு என்று மன்றத்தில் எல்லாரும் கேலி செய்திருக்கிறார்கள். உரக்கப் படித்தேன்.

"ஒண்ணு, பாத்திரம் சால் மரத்து இலைக் கிண்ணம். ரெண்டு, சால் இலைக் கிண்ணம். மூணு, அதே. நாலு, அதே. அஞ்சு, அதே. ஆறு..." நின்றேன்.

"ஆறு என்ன? எழுத்து புரியலையா, உங்க எழுத்தேதான?" என்றார் திதிமணி.

"ஆறு, தலைவருடையது என்பதால் மரியாதைக்காக அல்பனாக் கோலம் போட்ட மண்தட்டு."

ஜன்னலோரத்திலிருந்து ஒரு சத்தம். பூர்ணிமா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஐயோ மா! அல்பனாவ எதுல போடுவாங்க? நேத்து ராத்திரி பச்சரிசிய ஊறவச்சு அரைச்சதுல்ல அது!"

மேடையில் அப்படிப்பட்ட தட்டு ரெண்டு இருந்தன. ஒன்று அதிகாரிக்கான சாமந்திப் பூவுக்கு, மற்றது தலைவரின் காஞ்சாகோல்லாவுக்கு. இரண்டிலும் பூர்ணிமா அரிசி விழுதால் நூறிதழ்த் தாமரை வரைந்திருந்தாள். ஈரச் சானா உருண்டைகள் அந்தத் தாமரையின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தன. வைத்தது நான். இலைக் கிண்ணம் தலைவருக்குத் தகுமா என்று யோசித்து, அலமாரியிலிருந்து தனியாக எடுத்து வைத்தது நானேதான்.

"அப்ப பௌதி கைவேலைதான் என்னைக் கவுத்துச்சா!" என்றார் பூத்நாத் தாதா, பூர்ணிமாவைப் பார்த்து; அண்ணிக்கு எங்கள் ஊரில் பௌதி.

"என் கைவேலையில்ல தாதா, அவரோட மரியாதை" என்றாள் பூர்ணிமா என்னைக் காட்டி. "வீட்டுல எனக்கு ஒரு தம்ளர் டீ மரியாதையா குடுத்ததில்ல. ஊருக்குள்ள குடுக்கப் போயி இப்படி!"

சிரிப்பு மறுபடி எழுந்தது. இந்த முறை அது என் பக்கம் திரும்பியிருந்தது. சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

பலாய் மட்டும் விடவில்லை. "வாய்க்கு வந்தத சொல்லித் தப்பிச்சிடலாமா? நிரூபிங்க. இன்னிக்கு அறிவியல் தினமில்ல?"

"நியாயம்" என்றார் திதிமணி. "நந்தி தாதா, உங்களோட ரெண்டாவது உருண்டை இன்னும் தொடாம இருக்கு. அத தரலாமா?"

பலாய் தந்தார். திதிமணி அடுத்த மண்தட்டிலிருந்த சாமந்தியை எடுத்துவிட்டு அந்தத் தாமரையின் மேல் பலாயின் உருண்டையை வைத்தார். கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் கூடத்தில் ஒருவரும் தூங்கவில்லை, இதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பிறகு அடியிலிருந்து வழித்தார், சூடாக்கினார், ஆறவைத்தார், சொட்டு விட்டார்.

நீலம்.

"என்னுதயும் கெடுத்துட்டீங்களே!" என்று பலாய் தலையில் கை வைத்தார்.

"உங்க வீட்டுப் பசு மாவு திங்காதுன்னீங்க. உருண்டை தின்னிருச்சு போல" என்றார் பக்கத்திலிருந்தவர்.

கடைசியில் சாமந்தி இருந்த தட்டை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, பூத்நாத் தாதாவின் கையில் திதிமணி சொட்டுக் குழாயைக் கொடுத்தார். அவர் தாமரையின் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். சிவப்பு மண்ணில் வெள்ளையாக இருந்த இதழ்கள் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகக் கருநீலமாயின. பின்வரிசை மாணவிகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள். கைதட்டல் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க மறந்துவிட்டேன். வாசலில் நின்றவர்களின் எண்ணிக்கை தவிர, என் பதிவேட்டில் இல்லாத ஒரே விவரம் அதுதான்.

அதன் பிறகு மாணவிகள் வாசலுக்கு ஓடி, நுழைவாயிலில் போட்டிருந்த பெரிய அல்பனாவுக்கும் சொட்டு விடத் தொடங்கினார்கள். "விடியக்காலம் எழுந்து போட்டேன்டி!" என்று பூர்ணிமா கத்திக்கொண்டே பின்னால் போனாள். ரெண்டு நிமிஷத்தில் அவளே ஒரு சொட்டுக் குழாயோடு குனிந்து நிற்பதைப் பார்த்தேன்.

மதியம் நூலக மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தபால் எடுப்பது நான்கு மணிக்கு. பூத்நாத் தாதா எதிரே உட்கார்ந்து பொரியும் பச்சை மிளகாயும் தின்றுகொண்டிருந்தார். பலாயும் அதே தட்டில் கை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுதியதைப் படித்தேன்: "ஆறு கடைகளின் காஞ்சாகோல்லாவும் சுத்தமானவை என்று தெரியவந்தது."

"அவ்வளவுதானா?" என்றார் பூத்நாத் தாதா.

"நல்லபடியாதான எழுதியிருக்கேன்?"

"முதல் ரெண்டு தடவ நீலமா வந்தது எங்க?"

"அத எதுக்கு தாதா? தீந்துபோன கதை."

"எழுதலைன்னா நாளைக்கே, செயலாளர் மோதக் கடை மிட்டாய் தின்னுட்டு மறைச்சுட்டாருன்னு பேசுவான். யாரு பேசுவான்னு கேக்காத" என்று பலாயைப் பார்த்தார்.

"நான் ஏன் பேசறேன்?" என்றார் பலாய். அப்புறம் பொரியை மென்றுகொண்டே, "பேசியிருப்பேன்தான்" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஆறாம் எண் இரண்டு முறை நீலம் என்பதை முதலில் வைத்தேன். உள்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் நீலம் என்று கண்டவர் கடைக்காரரே என்பதை அடுத்து எழுதினேன். மூன்றாம் எண்ணின் இரண்டாவது உருண்டை அல்பனாத் தட்டில் வைத்ததும் நீலமானதையும் எழுதினேன். முடிவில்: "மாவு கலந்தது கடைக்காரரல்ல, தட்டைத் தேர்ந்தெடுத்த செயலாளர். அடுத்த வருஷம் எல்லார் சரக்கும் ஒரே மாதிரி இலையில்தான் வைக்கப்படும், தலைவருடையது உட்பட."

பூத்நாத் தாதா வாங்கி இரண்டு முறை படித்தார். "உட்படங்கறதுக்குக் கீழ ஒரு கோடு போடு" என்றார். போட்டேன்.

உறையில் போட்டு முகவரி எழுதினேன். மன்றத்தில் பசை என்றால் கோதுமை மாவைக் காய்ச்சிய கூழ்தான், கொட்டாங்கச்சியில் இருக்கும். உறையின் வாயில் தடவி அழுத்தினேன். ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கியது. கைப்பையை எடுக்க வந்த சுதபா திதிமணி அதைப் பார்த்துவிட்டார். மிச்சமிருந்த அயோடின் சீசாவைத் திறந்து பிதுங்கிய இடத்தில் ஒரு சொட்டு வைத்தார். காசளவு நீல வட்டம் விரிந்து நின்றது.

"சீல் வச்சாச்சு" என்றார்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. பலாய் நந்தி தன் சைக்கிளிலேயே கொண்டுபோய், பெட்டி திறக்கும் முன் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.