நாலடி எட்டு அங்குல உயரத்தில் ஒரு கோஷம்

சௌதாமினி டீச்சர் போட்ட கோஷம், ஏற்றுச் சொல்ல ஆள் இல்லாததால், பூவத்துங்கடவு முக்கில் ஒன்பது வருடம் காற்றிலேயே நின்றது. பொதுப்பணித் துறையிலிருந்து இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்து பார்த்தார்கள். தரையிலிருந்து நாலடி எட்டு அங்குலம், அகலம் ஒரு முழம் என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நாலடி எட்டு அங்குலம் என்பது டீச்சருடைய வாயின் உயரம். தெரியாமல் அதற்குள் முகத்தை விட்டவர்களுக்கு ஈரத்துணி பட்டதுபோல இருக்கும். உடனே டீச்சருடைய குரல், முதல் நாள் கேட்ட அதே குரல், ஒரு முறை கேட்கும்: "இந்தத் தண்ணி யாரோட தண்ணி?" அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

அது போடப்பட்ட நாளில் மூட்டை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளி பவித்ரன் பத்தடி தூரத்தில்தான் இருந்தான். எலும்பை வேகவைத்துப் பசை காய்ச்சும் கம்பெனி, கழிவை வாய்க்காலில் விடத் தொடங்கி அப்போது நான்கு வருடம். வாய்க்கால் கரையில் பதினோரு வீடுகளின் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. அதில் ஒன்று பவித்ரனுடைய கிணறு, இன்னொன்று டீச்சருடையது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி ஓய்வு பெற்ற டீச்சர், ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீரோடு முக்கில் வந்து நின்று, கையை உயர்த்தி, அந்த ஒரு வரியைப் போட்டார். ஒருவர் கேட்க மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வதுதான் இந்தப் பக்கத்துக் கோஷம். "எங்க தண்ணி! எங்க தண்ணி!" என்று ஊரே சொல்லியிருக்க வேண்டும். ஏற்றுச் சொல்வதில் பவித்ரனை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர்வலத்தில் அவன் வாயைத் திறந்தால் முக்கிலுள்ள பாதாம் மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறக்கும். அன்றைக்கும் பதில் தொண்டை வரை வந்தது. ஆனால் டீச்சர் கையில் கொடி இல்லை.

இந்த ஊரில் கொடியைப் பார்க்காமல் யாரும் கோஷத்தை ஏற்றுச் சொல்வதில்லை. இந்தக் கட்சிக்காரர்கள் அது அந்தக் கட்சியுடையது என்று நினைத்தார்கள், அந்தக் கட்சிக்காரர்கள் இந்தக் கட்சியுடையது என்று நினைத்தார்கள். பவித்ரன் பக்கத்தில் நின்ற யூனியன் செயலாளர் சுகதனின் முகத்தைப் பார்த்தான். சுகதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "நம்ம பிள்ளைங்க சோறு தின்னறது கம்பெனி மூட்டைல. கமிட்டில பேசி முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். பவித்ரன் திறக்கவில்லை. கோஷம் அப்படியே நின்றது.

முதல் கோஷத்துக்குப் பதில் வராமல் இரண்டாவதைப் போடுவது முறையில்லை என்று டீச்சர் மறுபடி வாய் திறக்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்குக் குடையோடு வந்து, கோஷத்தின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து மணிக்குப் போவார். ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பஸ் பதினைந்தடி தள்ளி நின்றது. கண்டக்டர்கள் "தலை, தலை!" என்று கத்தப் பழகினார்கள். முதல் மாதம் டிவிக்காரர்கள் வந்தார்கள். கோஷம் எந்தக் கட்சியுடையது என்று நான்கு பேர் ஒரு மணி நேரம் கத்தினார்கள், தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கல்யாண ஜோடிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மழை அதைத் துளைத்து இறங்கவில்லை என்பதை ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் முதலில் கண்டுபிடித்தவர் லாட்டரிச் சீட்டு விற்கும் அந்துரு. கீழே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு எப்போதும் உலர்ந்த இடம். அந்துரு அங்கே பலகையைப் போட்டுக்கொண்டார். டீச்சர் மழையில் குடையோடு, அந்துரு கோஷத்துக்கு அடியில் நனையாமல். இருவருக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

பவித்ரனுக்கு மட்டும் அந்த வழியாகப் போவது கஷ்டமாக இருந்தது. மூட்டை சுமக்கிறவன், குனிந்துதான் போவான். கோஷம் அவன் மேல் பட்டதே இல்லை. ஆனாலும் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவான். மூன்றாம் வருடம் அவன் மனைவி பிரசன்னாவின் காலில் புண் வந்தது. நான்காம் வருடம் முகம் வீங்கியது. ஐந்தாம் வருடத்திலிருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் இரண்டு முறை ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போதும் வரும்போதும் அந்த முக்கில்தான் பஸ். அவள் வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்து, கோஷத்துக்குள் முகத்தை நுழைத்துக் கேட்டுவிட்டு வருவாள். பதில் சொல்ல அவளுக்கு மூச்சு போதாது.

"ஒரு தடவ ஏத்துச் சொல்லிட்டு வாங்க பவியேட்டா. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"கமிட்டில வச்சிருக்காங்கடி."

"அஞ்சு வருஷமாவா? கமிட்டிக்காரங்க கிணத்துல மஞ்சத் தண்ணி வந்தா அஞ்சு நிமிஷத்துல முடிவாயிருக்கும். உங்க தொண்டைய நம்பித்தானே அந்த டீச்சர் கைய தூக்கிச்சு!"

"நாளைக்குப் பாக்கறேன்" என்றான் பவித்ரன். அதைச் சொன்னபோது அவன் மனதாரத்தான் சொன்னான்.

ஆறாம் வருடம் ஊர் டீச்சரைப் பாராட்ட முடிவு செய்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பொன்னாடை போர்த்தினார்கள். சமூகத்தின் மனசாட்சி என்று செதுக்கிய கேடயம் கொடுத்தார்கள், கேடயத்தின் செலவு கம்பெனியுடையது. டீச்சர் மைக்கைப் பிடித்து, "இந்தத் துணியெல்லாம் எனக்கு வேணாம். ஒரே ஒரு தடவ பதில் சொல்லிடுங்க, வீட்டுக்குப் போயிடறேன்" என்றார். என்ன அடக்கம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்து நிமிடம் தட்டினார்கள். பவித்ரனும் தட்டினான், உள்ளங்கை சிவக்கும் வரை. கை தட்டினால் போதும் என்று அன்று அவனுக்குத் தோன்றியது. வெட்கக்கேடுதான், வேறு என்ன சொல்வது?

ஏழாம் வருடம் கர்க்கடக மாதத்து அடைமழையில் டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இறந்தார். குடை கையிலேயே இருந்தது. மத்தியானம் வரை அந்துரு உட்பட யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அதே முக்கில் அனைத்துக் கட்சி இரங்கல் கூட்டம். கடைகள் அடைத்தார்கள். எழுநூறு பேர் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். நெரிசலில் யாரோ முன்னால் நகர, கோஷம் அவர் முகத்தில் பட்டது. "இந்தத் தண்ணி யாரோட தண்ணி?" இன்னொருவர் நகர்ந்தார், மறுபடியும் கேட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நான்கு முறை டீச்சர் கேட்டார். பவித்ரன் வாயைப் பாதி திறந்துவிட்டான். ஆனால் இறந்தவருக்கான மௌனத்தைக் கலைப்பது அந்த இறந்தவருக்கே அவமரியாதை என்று பட்டது. எழுநூறு பேருக்கும் அப்படித்தான் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மௌனத்தை மிகச் சரியாகக் காத்தார்கள். நிமிடம் முடிந்ததும் சுகதன் நன்றி சொன்னார். கூட்டம் கலைந்தது.

ஒன்பதாம் வருடம் பிரசன்னா போனாள். கடைசி வாரத்தில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு என்று பவித்ரனே சொன்னான், அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, ஈர வேட்டியோடு பவித்ரன் நேராக முக்குக்கு நடந்தான். பட்டப்பகல், நல்ல மழை. முழங்காலை மடக்கி, முகத்தைக் கோஷத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து உள்ளே நுழைத்தான். டீச்சர் கேட்டார். அவன் கேட்டு முடிக்கவிட்டு, "எங்க தண்ணி! எங்க தண்ணி!" என்றான். காக்கைகள் எழும்பின. கோஷம், கொடியில் காய்ந்த சேலை நழுவி விழுவதுபோல நழுவி, தரையில் பட்டு, ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒன்பது வருடமாக உலர்ந்திருந்த இடத்தில் மழை இறங்கியது. அந்துரு சீட்டுக்களை வாரி அணைத்துக்கொண்டு, "ஏ பவித்ரா, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

ஊருக்குப் பெரிய நிம்மதி. பஸ் பழைய இடத்தில் நின்றது. ஒரு வழியாகப் பிரச்சினை தீர்ந்தது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சுகதன் வந்து தோளைத் தட்டி, "நீ ஒருத்தன் சொன்னதே போதும்டா, ஊர் சார்புல சொன்ன மாதிரி" என்றார். பவித்ரன் வீட்டுக்குப் போய்க் கிணற்றில் வாளியை விட்டான். மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. பிரசன்னா வைத்துவிட்டுப் போன சொம்பில் அதை ஊற்றிப் பார்த்தான். டீச்சர் ஒருவனுடைய பதிலுக்காகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன், இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்த பிறகு.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சொம்போடு முக்கில் போய் நின்று, கையை உயர்த்தி, "இந்தத் தண்ணி யாரோட தண்ணி?" என்றான். டீக்கடையில் இருந்தவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள். கொடி இல்லை. ஒருவர் பத்திரிகையை மடித்து, "இப்ப எந்தக் கட்சில இருக்கான் இவன்?" என்று பக்கத்தில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள்.

பவித்ரனுடைய கோஷம் ஐந்தடி நாலு அங்குலத்தில் நிற்கிறது. அளவெடுக்க ஆள் வருவதற்கு முன்பே அந்துரு பலகையைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டார். பவித்ரன் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். உயரமான ஆண்கள் மட்டும் சற்றுக் குனிந்து போகிறார்கள். பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முன்புபோலத் தொந்தரவு இல்லை.