ஏழாவது கெர்னல்

அலுவலகத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். அளந்து பார்க்காமல் வாய் திறக்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். கணினி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் புதுப்பதிப்பாக வரும்போதெல்லாம், அதன்மேல் தங்கள் நிறுவனத்தின் தகவல் கிடங்கான டேட்டாபேஸ் பழைய வேகத்தில் ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை.

சோதனை அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஒரே ஜன்னல், வெளியே நாள் முழுக்கத் தூறல். உள்ளே ஒற்றை இயந்திரம், ஓயாத விசிறி இரைச்சல். ஒரு பதிப்பை ஏற்றி, அதே கேள்விகளை லட்சக்கணக்கில் கேட்கவைத்து, விடை வரும் வேகத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். அந்த இரைச்சலுக்குள் பொழுது கரைந்துபோகும். மதியம் சாப்பிட்டோமா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வரும்.

ஆறு பதிப்புகளும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் ஓடின. ஏழாவது மட்டும் பதினெட்டு சதவீதம் பின்தங்கியது. மூன்று முறை ஓட்டினாள்; மூன்றிலும் அதே கதை. அறிக்கை அனுப்பினாள். மறுநாளே மேலாளர் ஏழாவதுக்கு மாறும் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்.

அந்தத் திட்டத்துக்காக ஆறு மாதம் உழைத்தவர் பக்கத்து அறைக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவளுக்கு அவர் அண்ணா. வராந்தாவில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தாள். சிரித்தார். அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"நம்பர் என்ன சொல்லுதோ அதத்தானேம்மா நீ எழுத முடியும். விடு," என்றார்.

அவளால் விட முடியவில்லை. யாரும் கேட்காமலே மறுநாள் காலை ஏழாவதை மறுபடி ஏற்றினாள். முந்தைய சோதனைகளில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பதுபோல் வைத்திருந்தாள். இப்போது கூட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஐம்பது. நூறு. இருநூறு. இருநூறில் ஏழாவது, ஆறாவதுக்குத் தோளோடு தோளாக வந்து நின்றது. பத்துக்கு இறக்கியதும் மறுபடி தளர்ந்தது.

கூட்டத்தில் திணறும் இயந்திரங்களைப் பார்த்திருக்கிறாள். ஆளில்லாமல் திணறுவதை இப்போதுதான் பார்த்தாள்.

பல் முளைக்கும் குழந்தை இரண்டு நாளாக அவளைத் தூங்கவிடவில்லை. மேசையில் கன்னம் சாய்ந்தது. இயந்திரத்தின் நீல விளக்குகள் தண்ணீருக்கடியில் மினுங்குவதுபோல் இருந்தன. நீண்ட கூடம் ஒன்றில் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். உள்ளிருந்து யாரோ கொட்டாவி விட்டபடி, "வர்றேன்... இதோ வர்றேன்..." என்றார்கள். கதவு திறக்க யுகமானது. அடுத்த கதவிலும் அதே குரல்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "தூங்குது!" என்று வெறும் அறையைப் பார்த்துச் சொன்னாள்.

அமைப்புகளைத் தோண்டினாள். இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலையில்லாத கணங்களில் இயந்திரத்தின் மூளையான பிராசஸரை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பும்படி ஏழாவதில் புதிதாக வைத்திருந்தார்கள். அடுத்த கேள்வி வந்ததும் அது விழித்தெழக் கொஞ்சம் தாமதமாகும். கூட்டம் இருந்தால் தூங்கவே நேரமில்லை. அந்த ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினாள். பத்துப் பேர் சோதனையிலும் ஏழாவது இப்போது ஆறாவதைவிட ஒரு சதவீதம் முந்தியது.

நேரே பக்கத்து அறைக்குப் போனாள்.

"அண்ணா, என் அறிக்கை தப்பு."

"நம்பரா?"

"நம்பர் சரிதான். கெர்னலே மெதுவுன்னு எழுதினதுதான் தப்பு. சும்மா இருக்கிறப்ப அது அசந்து தூங்கிடுது. ஒவ்வொரு தடவையும் எழுப்ப வேண்டியிருக்கு."

 "என் மச்சானும் இதே ரகம்தான்," என்றார் அவர். "நாலு பேர் இருந்தா ஓடியோடி வேலை பார்ப்பான். தனியா விட்டா குறட்டை."

அவள் சிரித்தாள். கண் ஏனோ கலங்கியது.

"மேலாளர்கிட்ட என்ன சொல்லப்போற?"

"அவசரப்பட்டுட்டேன்னுதான்."

"தராசுக்கே அவசரமா!" என்று எழுந்தார். "வா, என் கண் முன்னாடி ஒரு சுற்று ஓட்டு."

நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இருவரும் அங்கேயே இருந்தார்கள். திரையில் வேகத்தைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல மெல்ல மேலேறியது.

மேலாளர் முகம் சுளித்தார், ஆனால் படித்தார். கூடுதலாக எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கேட்டார். அதையும் அளந்து வைத்திருந்தாள். பதினைந்து நாளில் எல்லா இயந்திரங்களும் ஏழாவதுக்கு மாறின. மாறி முடிந்த அன்று ஒரு புகார்கூட வரவில்லை. மாறியதே யாருக்கும் தெரியவில்லை. அண்ணாவும் அவளும் மட்டும் தெருமுனைக் கடையில், இளவெயிலில் நின்று, நிதானமாக ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள்.