தண்ணி ஊசி

கனகாவின் இடது கை தோளுக்குக் கீழே குண்டாக வீங்கியிருந்தது. ஓரகத்தி இளவரசி அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் தாண்டவராயன் மாட்டுக்கு வைக்கோல்கூடப் போடாமல் பெண்டாட்டியின் கைக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தான். வாழ வந்த நாளாய் இளவரசிக்கு இந்த வீட்டில் ஒருவரும் ஒரு டம்ளர் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்ததில்லை.

சளிக்காய்ச்சலுக்குப் புதுத் தடுப்பூசி ஆராய்ச்சி. ஊருக்கு வந்த வேனில் கனகாவும் இளவரசியும் முதல் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிற நர்ஸுக்கே தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது: வீங்கினால், ஜுரம் வந்தால் மருந்து; ஒன்றும் இல்லாவிட்டால் தண்ணி.

"அண்ணிக்குத் தண்ணி ஊசிதான்," என்றான் தாண்டவராயன். "பால்ல ஊத்தற தண்ணில மிச்சம் போல கீது."

"சும்மா இருய்யா. அக்கா கல்லு மாரி. அதுக்கு இன்னாத்துக்கு மருந்து?" என்று கனகாவும் சிரித்தாள்.

அந்தக் கல்லுதான் இளவரசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கையைக் கிள்ளிப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். சனியன், வலிக்கவே இல்லை.

இரண்டாவது ஊசிக்கு வேன் வந்த காலையில், பக்கத்திலிருந்த காதர் பாய் கடையில் கொதிக்கக் கொதிக்க டீ வாங்கினாள். கடைசி வாயை விழுங்காமல் அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். கூப்பிட்டதும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

நர்ஸ் இளமதி நாக்கின் கீழ் வைத்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். "நூத்தி ரெண்டும்மா!"

வரிசை மொத்தமும் திரும்பியது. அந்த ஒரு நிமிஷம் இனித்தது.

"பாத்தியா? எனக்கும் மருந்துதான்!"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தண்ணி போட்டாலும் சில பேருக்கு ஜுரம் வரும், வீங்கும். மருந்து போட்டும் ஒண்ணுமே தெரியாம இருக்கும். ஆனா ஜுரத்தோட ரெண்டாவது ஊசி போடக் கூடாது. டாக்டர் பாத்துதான் சொல்லணும். அடுத்து யாரு? கனகா!"

டீ என்ற சொல் இளவரசியின் நாக்கு நுனிவரை வந்தது. வெந்த நாக்கு அது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

ஊசி போட்டுக்கொண்டு வந்த கனகா அவள் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. மெதுவாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நெருப்பா கொதிக்குது," என்றாள், வரிசைக்கே கேட்கும்படி. "வாக்கா, வூட்டுக்குப் போலாம்."

வீட்டில் பாயைப் போட்டுப் படுக்கவைத்தாள் கனகா. தாண்டவராயன் கஞ்சிக்கு நொய் களைந்தான். சில்லென்ற நெற்றியில் சில்லென்ற துணி. தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இளவரசி துடைக்கவில்லை. துணியைப் பிழியும் கனகாவின் கையில், பஞ்சு ஒட்டியிருந்த இடம் புடைக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.