டிரம்மில் கொட்டிய உப்பு

எனக்குப் பொறுமை கிடையாது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கஷ்டத்தைச் சௌந்தரம்தான் அனுபவிக்கிறாள்.

ஆம்பூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவள் கத்திரி, அவரை, கீரை என்று ஐந்து பாத்தி போட்டிருந்தாள். எங்கள் மண் உருப்படாத மண். அதனால் ஆலங்காயத்தில் இருக்கும் தன் அண்ணன் நிலத்திலிருந்து ஒரு டிராக்டர் செம்மண் வரவழைத்தாள். காய்கறித் தோலையும் சருகையும் இரண்டு நீல டிரம்மில் மட்கவைத்து, மூன்று வருஷம் அந்த மண்ணுக்கு ஊட்டினாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லை என்று கிண்டல் செய்வேன்.

இந்த ஐப்பசி மழையில் ஓடில்லாத நத்தைகள் வந்து சேர்ந்தன. விரல் நீளத்துக்கு, கொழகொழவென்று. நேற்று முளைத்த நாற்றில் இன்று காம்புதான் மிச்சம். டிரம் மூடியைத் திறந்தால் அங்கேயும் அவைதான். சௌந்தரம் சாயங்காலம் பாத்தி ஓரமாக ஈரச் சாக்கை விரிப்பாள். காலையில் அதைப் புரட்டி, அடியில் ஒண்டியிருப்பதையெல்லாம் குச்சியால் சோப்புத் தண்ணீருக்குள் தள்ளுவாள்.

"இப்டி ஒண்ணொண்ணா பொறுக்கினு இருந்தா பொங்கலே வந்துடும்."

"வரட்டுமே. கம்மியாய்க்கினுதானே வருது?"

எனக்குப் பொறுக்கவில்லை. நான் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். உதறிய உப்பு ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அதில் அரை மூட்டை கொண்டுவந்தேன். அவள் சோளிங்கர் கோயிலுக்குப் போன அன்று பாத்திகளில் தூவி, மீதியை இரண்டு டிரம்மிலும் கொட்டிக் கிளறினேன். நத்தைகள் நுரை தள்ளிச் செத்தன. பெரிய வீரன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

"இன்னா போட்டீங்க? ஒண்ணுகூட காணோம்!"

"மருந்து," என்றேன்.

பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் கருகின. சத்துப் போதவில்லை என்று நினைத்து, அவள் டிரம்மிலிருந்து இன்னும் எருவை அள்ளி அள்ளிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விட்டதும் பாத்தியில் மண் வெள்ளையாகப் பூத்தது.

அந்த வெள்ளை எனக்குத் தெரியாததா? தோல் ஷாப் கழிவுநீர் பாய்ந்து அப்பாவின் நிலம் அப்படிப் பூத்துத்தான் தரிசானது. வேறு வழியில்லாமல்தான் நானே தோல் ஷாப்புக்குப் போனேன். எல்லாம் தெரிந்த முட்டாள் நான்.

"என் கைராசி போய்ட்ச்சுங்க. இனிமே நான் எதையும் நட மாட்டேன்," என்றாள் சௌந்தரம்.

அதைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. உப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

"உன் அண்ணங்கிட்ட சொல்லி இன்னொரு லோடு கொண்டாந்துடலாம். நானே போறேன்," என்றேன்.

"அண்ணன் அந்த நெலத்த பிளாட் போட வித்து ஆறு மாசம் ஆவுது. அன்னைக்கு இங்கதான் குந்திக்கினு அழுதுக்கினே உங்ககிட்ட சொன்னேன்."

எனக்கு நினைவே இல்லை.